காது கேக்காத புள்ளைக்கு அம்மா தினமும் கிளாஸ்ல உக்காரணுமா?

தறிக்காரன்:
ஒரு வாட்ஸப் ஆடியோ சுத்துதுங்க, கேட்டீங்களா? காது கேளாதோர் ஸ்கூல்ல பாடம் எடுக்கற மேடமாம். "குடும்பமும் ஸ்கூலும் சேந்தாத்தான் புள்ளைக்கு பேச்சு வரும், அதனால அம்மா தினமும் வந்து கிளாஸ்ல உக்காரணும்"னு கூசாம சொல்றாங்க. எங்கூட்டுல மில்லு வேலைய விட்டுப்போட்டுத்தான் புள்ளைய கூட்டிட்டு போயிட்டு இருக்குது. அந்த சம்பளத்த ஸ்கூலா குடுக்கும்?

அடையார்வாசி:
நல்லது சொன்னா ஏன் இப்படி எரியுது? சென்னைல பால வித்யாலயான்னு காது கேளாத சின்னக் குழந்தைங்க ஸ்கூல், 1969-லேந்து இப்படித்தான் நடத்தறாங்க. வாண்டுங்க பக்கத்துல அம்மாவும் உக்காந்து, டீச்சர் பேசறத பாத்து வீட்ல அதே மாதிரி பேசணும். அங்கேந்து சாதாரண ஸ்கூலுக்குப் போய் நல்லா படிச்ச குழந்தைங்க எத்தனையோ. மிச்ச நேரம் பூரா வீட்லதானே இருக்கு?

தறிக்காரன்:
நான் கேட்டது தினமும் அம்மா எதுக்குன்னு. பால வித்யாலயா வரலாறு கேக்கலைங்க.

நெல்லைசைகை:
எனக்கு காது கேக்காது, நான் சொல்லுதேன். 1880-ல இத்தாலி மிலான்ல நடந்த காது கேளாதோர் கல்வி மாநாட்டுல, பெரும்பாலும் காது கேக்கறவங்களா கூடி பாடம் நடத்த சைகை வேண்டாம்னு முடிவு பண்ணாங்க, இன்னும் அதே பல்லவிதான். பத்துல ஒம்பது புள்ளைக்கு மேல காது கேக்கற வீட்லதான் பொறக்கு, அந்த அம்மாவுக்கு எந்த ஸ்கூல் சைகை சொல்லிக் குடுத்துச்சு? டெல்லி சைகை மொழி ஆராய்ச்சி மையம் 2021-லயே 10,000 சொல்லுக்கு அகராதி போட்டாச்சு. எங்க வீட்ல கல்யாணப் பேச்சு நடந்தா இன்னிக்கும் எனக்கு "அப்புறம் சொல்லுதேன்"னு கை காட்டுறதோட சரி.

அடையார்வாசி:
சைகை பத்தி இங்க யாரும் கேக்கல. காப்பீட்டுல காக்ளியர் ஆபரேஷன் பண்ணி காதுக்குள்ள மிஷின் வெச்சுட்டா மட்டும் பேச்சு வந்துடுமா? தினம் காலைல வாய மறைச்சுண்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ்னு ஆறு சத்தம் குடுத்துப் பாக்கணும். நேத்து வரைக்கும் "ஸ்"ஸுக்கு திரும்பின குழந்தை இன்னிக்கு திரும்பலன்னா மிஷின்ல ஏதோ கோளாறா இருக்கலாம். இதெல்லாம் அம்மா வந்து கத்துக்காம யாரு கத்துப்பா?

தறிக்காரன்:
அந்த ஆறு சத்தத்த தெனமும் பாக்கறது நானுங்க மேடம். அப்பன். ஒரு நா கிளாசுக்கும் நானே போனேன், வாசல்லயே "அம்மா வரலியா?"ன்னு மூஞ்சியக் கோணுனாங்க. சனிக்கெழம வரச்சொன்னா ஆகாதா? அப்பத்தாளுக்கு சொல்லிக் குடுத்தா ஆகாதா? தெனமும் அம்மாதான் வரணும்னா என்ன சட்டமுங்க அது?

பல்லாவரம்பாபு:
தறி ஓடற சத்தத்துல "ஸ்"ஸு எப்டி தல கேக்கும் 😀

தறிக்காரன்:
வீட்டுல தறி இல்ல, ஷெட்டு தனி. பாபு, கரண்ட் மானியம் பத்தி பேசறப்பவும் தெரியாமத்தான் உளறுனீங்க, மறக்கல.

பல்லாவரம்பாபு:
அன்னிக்கு நான் போட்ட கணக்கு கரெக்ட்டு. இப்பவும் சொல்வேன்.

சிறப்புஆசிரியை:
அம்மாங்க வீட்ல நடந்தத நோட்டுல படமா வரைஞ்சு கொண்டு வருவாங்க. பாட்டி வந்தாங்க, பணியாரம் சுட்டாங்க, ஒண்ணு கீழ விழுந்துச்சுன்னு. அத காட்டித்தான் குழந்தைய பேச வைப்போம். வராத வீட்டு நோட்டு காலியாத்தான் இருக்கு.

தறிக்காரன்:
நோட்டு வர்றதுக்கு அம்மா எதுக்குங்க? பையில வெச்சு அனுப்புனா போதாதா?

அடையார்வாசி:
திரும்பத் திரும்ப அதையே பிடிச்சுண்டு தொங்கறீங்க. அந்த ஆடியோல "தினமும்"னு அவங்க எங்க சொன்னாங்க?

தறிக்காரன்:
காது இருந்தா நல்லா கேளுங்க, ரெண்டாவது நிமிசம்.

நெல்லைசைகை:
காது இருந்தாவா? நல்லா இருக்குவே ஒம்ம பேச்சு.

தறிக்காரன்:
தம்பி, உங்களச் சொல்லல, மேடத்தச் சொன்னேன்.

அடையார்வாசி:
முதல்ல நான் மேடம் இல்ல, சார்.

தறிக்காரன்:
அடேங்கப்பா! அப்ப உங்க புள்ளைக்கு கிளாஸ்ல உக்காந்தது யாருங்க?

அடையார்வாசி:
அது எங்க வீட்டு விஷயம். டாபிக்க மாத்தாதீங்க.

தறிக்காரன்:
டாபிக்கே அதுதானுங்க சார்!