1933இல் மில் வாசலில் குணசிங்க எந்தப் பக்கம்?

துறைமுகத்தான் பேரன்:
"தொழிற்சங்கம் எங்கேயும் வெளியிலிருந்து வந்த தொழிலாளிக்கு எதிரிதான்" என்று நேற்று ஒருவர் இங்கே போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போனார். படித்ததும் எரிச்சலாக இருந்தது. இலங்கைத் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க 1922இல் கொழும்பில் தொடங்கிய சங்கத்தில் சிங்களவர், தமிழர், மலையாளி எல்லாரும் இருந்தார்கள். 1923 பொது வேலைநிறுத்தம், 1927 துறைமுகம், 1929 டிராம் எல்லாம் அந்த ஒற்றுமையில் நடந்தவை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த நடேசய்யர் அங்கே துணைத் தலைவர். என் தாத்தா 1927இல் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவர் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான்.

கொட்டகலையான்:
1929உடன் ஏன் நிறுத்திவிட்டீர்கள்? அடுத்த பக்கத்தையும் புரட்டுங்கள். நடேசய்யர் பிரிந்து போய் 1931இல் தோட்டத் தொழிலாளருக்குத் தனிச் சங்கம் வைத்தார். 1930களில் குணசிங்கவின் மேடையில் மலையாளி எதிர்ப்புதான் முழங்கியது. 1933இல் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலையில் வேலைநிறுத்தம். வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். தலைமை தாங்கியவர் இடதுசாரி கொல்வின் ஆர். டி சில்வா. குணசிங்க அந்த மில் வாசலில் எந்தப் பக்கம்? இதற்கு மட்டும் பதில் வேண்டும்.

துறைமுகத்தான் பேரன்:
காலத்தையும் பார்க்க வேண்டும். உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்தது, கொழும்பில் வேலை இல்லை. முதலாளி மலையாளியைக் குறைந்த கூலிக்கு எடுத்தான். சங்கம் சந்தா கட்டுகிறவன் வயிற்றைத்தான் முதலில் பார்க்கும். அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பின் தலைவர் சாமுவேல் கோம்பர்ஸ் என்ன செய்தார்? சீனத் தொழிலாளர் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடுத்த சீனர் தடைச் சட்டத்தை ஆதரித்தார். குணசிங்கவை மட்டும் கூண்டில் ஏற்றாதீர்கள்.

கொட்டகலையான்:
கோம்பர்ஸை நீங்களே கூட்டி வந்துவிட்டீர்கள், நல்லது. 1903இல் கலிஃபோர்னியாவின் ஆக்ஸ்நார்டில் சர்க்கரைக் கிழங்கு வயல்களில் ஜப்பானியரும் மெக்சிகோக்காரரும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்து ஜெயித்தார்கள். கோம்பர்ஸின் கூட்டமைப்பில் சேர விண்ணப்பித்தார்கள். ஆசியர்களை விட்டுவிட்டு வாருங்கள் என்றார் கோம்பர்ஸ். அப்படி ஒரு சங்கம் எங்களுக்கு வேண்டாம் என்றார்கள் மெக்சிகோக்காரர்கள். அந்தக் கூட்டமைப்பின் வழிவந்த அமைப்பு 2000இல்தான் மனம் மாறி, ஆவணமில்லாத தொழிலாளருக்குச் சட்ட அங்கீகாரம் கேட்டது.

கூலி குறைகிறது என்றால் கூலியை ஏற்றச் சொல்லிப் போராட வேண்டும். 1927 சட்டம் தோட்டத்து இந்தியத் தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலி வைத்ததே, அதையே கொழும்பில் எல்லாருக்கும் கேட்டிருக்கலாம். அதை விட்டுவிட்டு ஆளைத் துரத்தச் சொன்னார்கள். சரி, மில் வாசல்?

பருத்தித்துறை பாலன்:
குணசிங்கவை விடுங்கோ. 1948இல் தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது டி. எஸ். சேனநாயக்கவின் அரசு. சங்கத்தின் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்?

கொட்டகலையான்:
அந்த அரசில் குணசிங்கவும் இருந்தார், அண்ணை. அப்புறம் உங்கள் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலமும் போய் உட்கார்ந்தார்.

பருத்தித்துறை பாலன்:
இதைத்தான் எதிர்பார்த்தேன். எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் யாழ்ப்பாணத்தானில் வந்து நிற்கும். 1948 ஆகஸ்டில் பொன்னம்பலம் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்துத்தான் வாக்களித்தார். எழுதி வைத்துக்கொள்ளும் தம்பி.

கொட்டகலையான்:
அடுத்த மாதமே அமைச்சரானார். 1949இல் எங்கள் வாக்குரிமை போனபோதும் அதே நாற்காலியில் இருந்தார். இதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பருத்தித்துறை பாலன்:
அதற்காகத்தானே செல்வநாயகம் பொன்னம்பலத்தின் கட்சியிலிருந்து பிரிந்து வந்து தமிழரசுக் கட்சி தொடங்கினார்? அதைச் சொல்ல உமக்கு வாய் வராது. போன மாதம் தேயிலைக் கூலி விவாதத்திலும் இப்படித்தான் பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்கினீர்.

லயத்துக் குமரி:
கொட்டகலை அண்ணா, "இந்தியத் தொழிலாளி" என்று எழுதுகிறீர்கள். ஐந்து தலைமுறையாக இங்கே கொழுந்து பறிக்கிறோம். மலையகத் தமிழர் என்று எழுதுங்கள்.

கொட்டகலையான்:
தங்கச்சி, அந்தக் காலத்துச் சட்டத்தில் இருந்த சொல் அது. நானும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவன்தான், எனக்குப் பாடம் வேண்டாம்.

என் அப்பாயியின் தங்கை குடும்பம் தகரப் பெட்டியோடு கோச்சியில் (ரயிலில்) ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து இராமேஸ்வரம் போனது. பெட்டி மூடியில் தாத்தா பெயரும் தோட்டத்துப் பெயரும் வெள்ளைப் பெயின்ட்டில். கடைசியில் கூடலூரில் அதே தேயிலை, அதே கூடை. இங்கே இருந்தவரை "கள்ளத்தோணி", அங்கே போனால் "சிலோன்காரன்". "இவன் வெளியாள்" என்ற பேச்சுக்கு ஒரு தொழிற்சங்கத் தலைவர் மேடை போட்டுக் கொடுத்தாரே, என் கோபம் அதில்தான்.

துறைமுகத்தான் பேரன்:
உங்கள் குடும்பக் கதை எனக்கும் வலிக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அவர்களை அனுப்பியது எது? 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். தோட்டத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று எழுதினார்கள். அப்போது சிறிமாவோ அரசில் இருந்த கட்சி எது? நீங்கள் தலையில் வைத்து ஆடும் கொல்வினின் சமசமாஜக் கட்சி! அந்தக் கட்சித் தலைவர் என். எம். பெரேரா நிதி அமைச்சர். மில் வாசலில் நின்றவர்களே முப்பது வருடம் கழித்து எங்கே நின்றார்கள், பார்த்தீர்களா?

கொட்டகலையான்:
அது துரோகம்தான், நான் மறுத்தேனா? ஆனால் அதே கட்சி 1948இல் நாடாளுமன்றத்தில் எங்களுக்காகப் பேசியது. 1964ஐக் காட்டி 1933ஐ அழிக்க முடியாது. கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

துறைமுகத்தான் பேரன்:
என் தாத்தா பொய் சொன்னார் என்கிறீர்களா?

கொட்டகலையான்:
உங்கள் தாத்தா 1927 துறைமுகத்தைப் பற்றிச் சொன்னார். நான் 1933 மில்லைக் கேட்கிறேன். குணசிங்க எந்தப் பக்கம்?

பருத்தித்துறை பாலன்:
செல்வநாயகத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை, பார்த்தீர்களா.