புது முறை வருகிறது: ஆட்களிடம் எப்போது சொல்வது?

மேற்பிரிவு:

நான் இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தர். என் பிரிவில் 84 பேர் செக்ரோலில், அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில், இருக்கிறார்கள். அவர்களில் அறுபது பேருக்கு மேல் பெண்கள். அடுத்த மாதத்திலிருந்து இரண்டு மலைகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப் போகிறார்கள். அந்த மலைகளில் இனி நாள் சம்பளம் கிடையாது. குடும்பத்துக்கு இவ்வளவு செடி என்று எண்ணிக் கொடுப்பார்கள், உரமும் மருந்தும் தோட்டம் தரும், பறிக்கிற கொழுந்துக்குக் கிலோக் கணக்கில் காசு, அதில் உரச் செலவு கழியும். வேறு தோட்டங்களில் சில வருடங்களாக நடக்கிற முறைதான். எங்களுக்குப் புதிது.

"எல்லாம் முடிவாகட்டும், அப்புறம் பிரட்டுக்களத்தில் சொல்லிக்கொள்ளலாம். இப்போதே சொன்னால் வேலை நின்றுவிடும்" என்கிறார் துரை, எங்கள் தோட்ட மேலாளர். பிரட்டுக்களம் என்பது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற இடம். ஆனால் ஆட்களுக்கு வாடை அடித்துவிட்டது. ஏழாம் நம்பர் மலையில் இரண்டு பேர் அளவு நாடாவோடு நடந்ததைப் பார்த்திருக்கிறார்கள். போன வியாழன் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் ஒரு அக்கா, நிறுக்க வந்த சாக்கைக் கீழே வைக்காமலே கேட்டார்: "ஐயா, எங்கள நிப்பாட்டப் போறீங்களா?" "அப்படி ஒண்ணும் இல்ல அக்கா" என்றேன். அது பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த முகம் கண்ணை விட்டுப் போகவில்லை.

முடிவாகாத விஷயத்தை ஆட்களிடம் சொல்லலாமா? ஆட்களை வைத்து வேலை வாங்கிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஊசிநூல்:

சொல்லுங்கள். நாளைக் காலைப் பிரட்டிலேயே சொல்லுங்கள்.

நான் கண்டிப் பக்கம் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் லைன் பொறுப்பாளர். எங்கள் இடத்தில் ஒரு சனி, ஞாயிறுக்குள் மெஷின்களை எல்லாம் இடம் மாற்றிவிட்டார்கள். திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் வந்து தங்கள் மெஷினைத் தேடினார்கள். ஆறு வருடம் ஒரே மெஷினில் காலர் தைத்த ஒருத்தி, தன் குஷனைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்று அழுதாள். மாற்றம் நல்லதுதான், நடை குறைந்தது, முதுகுவலி குறைந்தது. அதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அந்த மாதம் என் லைனில் மட்டும் ஒன்பது பேர் வேலையை விட்டார்கள்.

இதைப் பற்றி ஒரு பழைய ஆய்வும் இருக்கிறது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து மேரியன் என்ற ஊரில் பைஜாமா தைக்கும் தொழிற்சாலையில் செய்தது. லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் என்ற இருவர் 1948இல் வெளியிட்டார்கள். வேலை முறையை மாற்றியபோது, ஆட்களைக் கலந்துகொள்ளாத குழுவில் முதல் 40 நாளில் 17 சதவீதம் பேர் விட்டுப் போனார்கள். கலந்து பேசி மாற்றிய குழுக்களில் அந்த நாட்களில் யாரும் போகவில்லை. அவர்களும் துண்டுக் கணக்கில் கூலி வாங்கியவர்கள், பெரும்பாலும் பெண்கள். உங்கள் பிரிவைப் போலத்தான்.

பழைய கணக்கப்பிள்ளை:

தம்பி, அவசரப்படாதே. நான் 31 வருடம் மலையில் நின்றவன்.

1992இல் தோட்டங்களைக் கம்பனிகள் நடத்த வந்தபோது எங்கள் பிரிவில் ஒரு சின்னத்துரை இருந்தார். நல்ல மனுசன். காதில் விழுந்ததை எல்லாம் அன்றன்றைக்கே ஆட்களிடம் சொல்லுவார். மறைக்கக் கூடாது என்று அவருக்கு ஒரு கொள்கை. காலையில் அவர் சொன்ன ஒரு பேச்சு, பொழுது சாயும்போது மூன்று லயத்தில், அதுதான் ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளில், மூன்று கதையாக நிற்கும். லயத்தை விட்டு எழுப்பப் போகிறார்கள் என்று நம்பி ஒரு குடும்பம் கறவை மாட்டைப் பாதி விலைக்கு விற்றது. அப்படி ஒன்று நடக்கவே இல்லை. மாடு போனது போனதுதான். அந்த வீட்டுப் பிள்ளை என்னிடம்தான் வந்து அழுதது.

பதில் இல்லாமல் 84 பேர் முன்னால் போய் நிற்காதே. முதலில் சங்கத்தின் தோட்டத் தலைவரையும் மாதர் தலைவியையும் தனியே கூப்பிட்டுப் பேசு, கங்காணிமாரோடு பேசு. அவர்கள் தலை அசைத்த பிறகு பிரட்டில் வாய் திற. ஆட்கள் உன்னைப் பார்ப்பதற்கு முன்னால் தலைவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

ஊசிநூல்:

ஐயா, மாட்டை விற்க வைத்தது பேச்சு இல்லை. பாதியில் நின்ற பேச்சு. "லயத்தைப் பற்றி ஒரு முடிவும் இல்லை, யாரும் எதையும் விற்காதீர்கள்" என்று அந்தச் சின்னத்துரை அதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால்? தெரிந்தது இது, தெரியாதது இது என்று இரண்டையும் பிரித்துச் சொல்லலாமே.

தலைவர் வழியாக மட்டும் போனால், தலைவருக்கு வேண்டாத வீடுகளுக்கு விஷயம் எப்படிப் போய்ச் சேரும்?

பழைய கணக்கப்பிள்ளை:

"தெரியாது" என்று துரை பக்கத்து ஆள் சொன்னால் மறைக்கிறான் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், பிள்ளை. உன் தொழிற்சாலையில் பிள்ளைகள் வேலை பிடிக்காவிட்டால் வேறு வேலைக்குப் போவார்கள். இங்கே வேலை போனால் வீடும் போகும் என்ற பயம். 1948இல் ஒரு சட்டம் வந்து குடியுரிமை இல்லாமல் போன சனத்தின் பேரப்பிள்ளைகள். காகிதத்தில் கையெழுத்து என்றாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதை அறிந்து பேச வேண்டும்.

லயத்து மகள்:

இரண்டு பேரும் எப்போது சொல்வது, யாரிடம் முதலில் சொல்வது என்றே பேசுகிறீர்கள். என் அம்மா மஸ்கெலியாப் பக்கம் 27 வருடமாகக் கொழுந்து பறிக்கிறார். அவர் வீட்டில் பேசுவது வேறு.

அவர்கள் தோட்டத்தில் எலக்ட்ரானிக் தராசு வந்தபோது முன்கூட்டியே சொன்னார்கள். பிரட்டிலும் சொன்னார்கள், தலைவரும் சரி என்றார். ஆனாலும் அம்மா ஒரு மாதம் அந்தத் தராசை நம்பவில்லை. மழை நாளில் சாக்கை மாட்டினால் எண் ஓடிக்கொண்டே இருக்கும், நிற்பதற்கு முன்னால் எழுதிக்கொள்கிறார்கள் என்றார். 18 கிலோ எடுத்தால்தான் முழுப் பேர் (முழு நாள் சம்பளம்), இல்லாவிட்டால் அரைப் பேர் என்று இருக்கிற இடத்தில் அரைக் கிலோ என்பது விளையாட்டு இல்லை. பழைய தராசில் முள் நிற்பதைப் பார்த்துப் பழகிய கண்.

பிறகு வந்த ஒரு கணக்கப்பிள்ளை ஒன்று செய்தார். கடையில் வாங்கிய ஐந்து கிலோ அரிசிப் பொதி ஒன்றை உடைக்காமல் மடுவத்தில் வைத்தார். கொழுந்து நிறுக்கும் ஒவ்வொரு தடவையும் முதலில் அந்தப் பொதியை யாராவது ஒரு அக்கா கையால் மாட்டச் சொன்னார். ஐந்து என்று காட்டியதும் எண் நின்றதா என்று அவர்களே பார்த்துச் சொன்ன பிறகுதான் முதல் சாக்கு. இரண்டு கிழமையில் சண்டை நின்றது. கூட்டத்தில் யாரும் அவர்களுக்கு விளக்கம் சொல்லி மனத்தை மாற்றவில்லை. தராசைச் சரிபார்க்கிற வேலையைக் கையில் கொடுத்தார்கள்.

உரத்தையும் சொல்ல வேண்டும். 2021 ஏப்ரலில் இரசாயன உரத்தை ஒரே அறிவிப்பில் நிறுத்தினார்கள், நவம்பரில் தடையை எடுத்தார்கள். இடையில் செடி மஞ்சளாகிக் கொழுந்து குறைந்தது. கிலோ எடுக்கவில்லை என்று பேச்சு வாங்கியது பறித்தவர்கள். மேலே எடுத்த முடிவின் நட்டம் எங்கே வந்து விழும் என்பது அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். நாளை உர விலை ஏறினால் யார் தலையில் என்பதுதான் உங்கள் புது முறையிலும் அவர் கேட்கிற முதல் கேள்வியாக இருக்கும்.

பனிக்காலம்:

நான் தொழிற்சங்கக் கல்வி வேலையில் இருந்தவன். ஊசிநூல் சொன்ன மேரியன் ஆய்வில் ஒரு விஷயத்தைச் சேர்க்க வேண்டும், அது அவருடைய வாதத்துக்கே எதிராகப் போகும். அந்த 17 சதவீதம் விட்டுப்போன குழுவுக்கும் சொன்னார்கள். கூட்டம் போட்டு விளக்கினார்கள், கேள்விகளுக்குப் பதிலும் கொடுத்தார்கள். சொல்லியும்தான் போனார்கள். மற்றக் குழுக்களில் வேறாக நடந்தது, புது முறையை வடிவமைப்பதில் ஆட்களுக்கோ அவர்கள் பிரதிநிதிகளுக்கோ கை இருந்தது. லயத்து மகள் சொன்ன அரிசிப் பொதி அதே விஷயம்தான்.

கணக்கப்பிள்ளை ஐயா பக்கமும் நியாயம் இருக்கிறது. பிற்பாடு நார்வேயில் ஒரு காலணித் தொழிற்சாலையில் அதே மாதிரி செய்து பார்த்து 1960இல் வெளியிட்டார்கள். உற்பத்தியில் வித்தியாசமே வரவில்லை. அங்கே ஆட்களுக்குச் சங்கம்தான் பேசுகிற இடம். அதைத் தாண்டி நிர்வாகம் கூப்பிட்டுப் போட்ட கூட்டத்தை அவர்கள் பெரிதாக எடுக்கவில்லை என்று ஆய்வு செய்தவர்களே ஒரு காரணம் சொன்னார்கள். ஆகவே தலைவரைத் தாண்டிப் போக வேண்டாம். தலைவரோடு நின்றுவிடவும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் துரையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள் தம்பி. இப்போது செக்ரோலில் இருக்கிறவருக்குச் சேமலாப நிதியில், அதாவது ஓய்வுக்குச் சேர்க்கிற பணத்தில், தொழிலாளி பங்கு 8 சதவீதம், கம்பனி பங்கு 12 சதவீதம், நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3 சதவீதம் போகிறது. வேலையை விடும்போது நாள் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை. நாளை செடியைப் பிரித்து எடுத்துக்கொண்டவர் தொழிலாளியா, வெளியாளா? 27 வருடச் சேவை தொடர்கிறதா, அன்றோடு அறுகிறதா? இதற்குப் பதில் இல்லாமல் ஒரு கையெழுத்துக்கூட வாங்காதீர்கள்.

பழைய கணக்கப்பிள்ளை:

இதை நான் ஏற்றுக்கொள்கிறேன். பதில் இல்லாமல் போகாதே என்று நான் சொன்னது இந்த மாதிரிப் பதிலைத்தான். ஆனால் ஆட்களை வடிவமைக்கச் சொன்னால், கடைசியில் துரை அதைத் தூக்கிப் போட்டுவிட்டால் உன் வார்த்தைக்கு மலையில் மதிப்பு இருக்காது தம்பி. எதை அவர்கள் தீர்மானிக்கலாம், எதை முடியாது என்று முதலிலேயே துரையோடு எல்லை போட்டுக்கொள்.

ஊசிநூல்:

பனிக்காலம் அண்ணா சொன்னது சரி. விளக்கினார்கள் என்பதை நான் கவனிக்கவில்லை. ஆனாலும் அந்த அக்கா கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் போகவில்லை. எல்லை போட்டு முடிகிற வரை அவர் இன்னும் எத்தனை ராத்திரி தூங்காமல் இருப்பது?

மேற்பிரிவு:

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன்.

மறுநாளே அந்த அக்காவைத் தேடிப் போனேன். "நிப்பாட்டுற பேச்சு இல்ல. ரெண்டு மலைய பிரிச்சுக் குடுக்குற பேச்சு இருக்கு, எப்படின்னு எனக்கே முழுசாத் தெரியாது" என்றேன். "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே ஐயா" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை, நிரைக்குள் இறங்கிவிட்டார்.

துரையிடம் எல்லை கேட்டேன். முதலில் கோபப்பட்டார். பிறகு மூன்று விஷயங்களை எங்களுக்கு விட்டார்: எந்தக் குடும்பத்துக்கு எந்த இடம் என்பது, கொழுந்து நிறுக்கும் நேரம், உரம் இறங்கும்போது யார் எண்ணிப் பார்ப்பது. கிலோ விலை அவர் கையில் இல்லை என்றார். அதை அப்படியே பிரட்டில் சொன்னேன், தலைவரும் மாதர் தலைவியும் பக்கத்தில் நின்றார்கள். வேலை நிற்கவில்லை. அன்று மலைக்கு ஏற அரை மணி நேரம் பிந்தியது, அவ்வளவுதான்.

இடத்தைச் சீட்டுக் குலுக்கி எடுப்போம் என்றார்கள். ஓடையோரத்துச் செடியும் மேட்டுச் செடியும் ஒன்றாகாது என்பதால் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டிலும் பாதிப் பாதி என்று ஒரு வயதான அம்மா சொன்னார். அளவு நாடாவோடு வந்தவர்களுக்கு இது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. சேமலாப நிதிக் கேள்வியை மூன்று வரியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை. வரும்வரை கையெழுத்து வாங்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன், துரை முகம் சரியில்லை.

பழைய கணக்கப்பிள்ளை:

அரை மணி நேரம்தான் என்கிறாய், சந்தோசம். இன்னொன்று. செடி யார் பெயரில் பதிகிறது? பறிப்பது பொம்பளை. படிவத்தில் குடும்பத் தலைவர் என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் புருசன் பெயரை எழுதிவிடுவார்கள், காசும் அந்தப் பெயருக்கே போகும். பார்.

மேற்பிரிவு:

இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். அப்படித்தான் இருக்கிறது ஐயா. நாளைக்கு நாலாவது வரியாக இதையும் எழுதிக் கொடுக்கிறேன்.