சத்திரத்துப் பின்கட்டும் ஒரு டெக்சாஸ் டீச்சரும்

சங்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

நம் ஊர்ப் பழைய சத்திரத்தைச் சங்கம் காப்பாற்றுவது பற்றி, "முகப்பு நின்றால் போதும், பின்கட்டு வெறும் குடோன்தானே" என்று துபாய் அண்ணன் எழுதியதைப் படித்ததும், நான் இருக்கும் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் வாழ்ந்த அடீனா டி ஸவாலாவின் நினைவு வந்தது.

1861இல் பிறந்த பள்ளி ஆசிரியை. தாத்தா லொரென்சோ, டெக்சாஸ் தனிக் குடியரசாக இருந்தபோது அதன் முதல் துணைத் தலைவர். பேத்தி ஊர்ப் பெண்களைக் கூட்டிப் பழைய வரலாறு பேச ஆரம்பித்தார். 1893இல் அந்தக் கூட்டம் 'டெக்சாஸ் குடியரசின் மகள்கள்' அமைப்பின் உள்ளூர்க் கிளையானது.

மெக்சிகோ படையோடு 1836 போர் நடந்த, எங்கள் ஊர்ப் பழைய கோட்டை அலமோ என்றால் எல்லோரும் படம் பிடிப்பது தேவாலயத்தைத்தான். அந்த வளைந்த முகப்பே போருக்கு அப்புறம், 1850இல் ராணுவம் வைத்தது! தேவாலயத்தை அரசு 1883இலேயே வாங்கிவிட்டது. பக்கத்தில் படைவீரர்கள் தங்கிய நீளக் கட்டடமான கொட்டடி மட்டும் மொத்த மளிகை வியாபாரிகள் கையில், மரப்பலகை அடித்து உருத்தெரியாமல் கிடந்தது. கடுஞ்சண்டை நடந்தது அங்கேதான் என்று அடீனா சொல்லிக்கொண்டே இருந்தார். 1892இலேயே அந்த வியாபாரிகளைப் பார்த்து, விற்பதானால் முதலில் எங்களிடம் கேட்க வேண்டும் என்று வாக்கு வாங்கி வைத்தார். கையில் காசு இல்லாதபோதே! நம் சங்கமும் சத்திரத்துப் பங்காளிகளிடம் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். அவருக்குக் கிடைத்தது வாய்வார்த்தை, நாம் பத்திரத்தில் எழுதியே வாங்கலாம்.

கொட்டடியின் விலை 75,000 டாலர் என்றானபோது வசதியான வீட்டுப் பெண் கிளாரா டிரிஸ்கால் கைக்காசைப் போட்டார். 1905இல் அரசு 65,000 கொடுத்தது. அதோடு அமைப்புக்குள் ஒற்றுமை முடிந்தது. கொட்டடி பிற்காலத்துக் கட்டடம், தேவாலயத்தை மறைக்கிறது, இடித்துவிடலாம் என்றது டிரிஸ்கால் அணி. 1908 பிப்ரவரி 10ஆம் தேதி ஷெரீஃப் கோர்ட் உத்தரவோடு வந்தபோது, அடீனா உள்ளே தாழிட்டுக்கொண்டு மூன்று நாள் வெளியே வரவில்லை. நாடு முழுக்கப் பத்திரிகைகளில் அதே பேச்சு.

ஆனாலும் வழக்கில் தோற்றார். பிறகு மரப்பலகையைப் பிரித்தபோது உள்ளே பழைய கற்சுவரும் வளைவுகளும் இருந்தன. அப்படியும் 1913இல் மாடிச் சுவர்களை இடித்தார்கள், கீழ்த்தளம் தப்பியது. 'அலமோவைக் காத்தவர்' என்ற பட்டம் டிரிஸ்காலுக்குப் போனது. அவரை வில்லியாக்க எனக்கு மனமில்லை, அவர் பணம் இல்லாவிட்டால் காப்பாற்ற எதுவும் மிஞ்சியிருக்காது. ஆனால் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று தெரிந்திருந்தது டீச்சருக்குத்தான்.

தோற்றபின் வீட்டில் முடங்கவில்லை. 1912இல் இன்னொரு சங்கம் தொடங்கி, மாநிலத்தில் 38 இடங்களில் நினைவுக் கற்கள் நட வைத்தார். ஸ்பானிய ஆளுநர் மாளிகைக்காக வருடக்கணக்கில் நச்சரித்து, 1928இல் நகராட்சியை வாங்க வைத்தார். 1955இல் 93 வயதில் இறந்தபோது இறுதி ஊர்வலம் அலமோ வழியாகவே போனது.

கொட்டடி 1968இல் அருங்காட்சியகமானது. இந்தப் பக்கம் யார் வந்தாலும் ஒரு மடல் தட்டுங்கள், கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.