நெப்ராஸ்கா ஏரிகள்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

ஒமாஹாவிலிருந்து:

கோடை லீவு விட்டால் இங்கே, அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், நம்மவர்கள் பாதிப் பேர் காரை கொலராடோ மலைப்பக்கம் திருப்பிவிடுகிறார்கள். போகிற வழியில், ஐ-80 நெடுஞ்சாலையில் ஒகலாலாவைத் தாண்டும்போது, வடக்கே பத்து மைலுக்குள் ஒரு பெரிய ஏரி கிடப்பது பலருக்குத் தெரியாது. லேக் மெக்கோனஹி. நிரம்பினால் 22 மைல் நீளம். கொள்ளளவை நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பார்த்தேன், 75 டிஎம்சி வருகிறது. சாண்ட்ஹில்ஸ் மணல்மேடுகளின் ஓரத்தில் இருப்பதால் கரை முழுக்க வெளுத்த மணல். அதே ஆட்கள் ஒரு நாள் கடற்கரைக்காக ஃப்ளோரிடாவுக்கு விமானம் ஏறுகிறார்கள். என்ன சொல்ல!

நார்த் பிளாட் ஆற்றின் குறுக்கே 1936இல் தொடங்கி 1941இல் முடித்த கிங்ஸ்லி அணைதான் இந்த ஏரியை உண்டாக்கியது. கான்கிரீட் சுவரை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். மணலையும் மண்ணையும் தண்ணீரோடு கலந்து குழாய் வழியாகப் பாய்ச்சி, படியவைத்து எழுப்பிய மண் அணை. நீளம் மூன்று மைலுக்கு மேல், உயரம் 162 அடி. மேலேயே சாலை ஓடுகிறது. ஒரு பக்கம் ஏரி கடல் மாதிரி அலையடிக்கும். மறுபக்கம் எட்டிப் பார்த்தால் கீழே லேக் ஒகலாலா என்ற சிறிய ஏரி. அணைக்கு மண் எடுத்த பள்ளம்தான் பின்னால் அந்த ஏரி ஆனது. பெரிய ஏரியின் அடியிலிருந்து வரும் தண்ணீர் என்பதால் கோடையிலும் சில்லென்று இருக்கும், அதனால் அங்கே டிரவுட் மீன் வாழ்கிறது.

நான் சொல்ல வந்தது வேறு. ஜூனில் போனபோது கூடாரத்துக்குப் பக்கத்திலேயே தண்ணீர். அடுத்த கோடையில் ஆகஸ்டில் அதே இடத்துக்குப் போனால், தண்ணீரில் கால் நனைக்கவே வெந்த மணலில் வெகுதூரம் நடக்க வேண்டியிருந்தது. படகு இறக்கும் சரிவுப்பாதை ஒன்று மணலிலேயே முடிந்து நின்றது. மழை பொய்த்துவிட்டதா என்று மீன் கழுவும் மேடையில் நின்ற ஒரு பெரியவரிடம் கேட்டேன். கீழே ஹோல்ட்ரெஜ் பக்கம் விவசாயம் செய்பவராம். சிரித்துக்கொண்டே, தண்ணீர் எங்கேயும் காணாமல் போகவில்லை, எங்கள் மக்காச்சோளத்துக்குள் இருக்கிறது என்றார்.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. ஏரி அரசுப் பூங்காத் துறைக்குச் சொந்தமில்லை. மத்திய நெப்ராஸ்கா மின்சார, பாசன மாவட்டம் என்ற பொது அமைப்பு பாசனத்துக்காகக் கட்டியது. பூங்காத் துறை கரையில் கூடாரம், கழிப்பறை, பெர்மிட் போன்றவற்றைப் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பனிக்காலத்திலும் வசந்தத்திலும் நீர் சேரும், ஜூலை ஆகஸ்டில் வாய்க்காலில் போகும். வறட்சி தொடர்ந்து 2004இல் ஏரி கால்பங்குக்கும் கீழே போனது. ஆகவே எனக்குத் தெரிந்தவரை, நீந்தவும் படகு விடவும் ஜூன்தான் சரியான மாதம். அகலமான மணல்வெளிதான் வேண்டும் என்பவர்கள் ஆகஸ்டில் போகலாம்.

இரண்டு எச்சரிக்கை. காரை மணலில் இறக்காதீர்கள். காற்று வீசும் மதிய வேளையில் ஒரு பெரிய பிக்கப் டிரக் அச்சு வரை புதைந்து, அதை இழுக்க வந்த டிரக்கும் புதைந்ததைக் கண்ணால் பார்த்தேன். இரண்டாவது, கரையில் ஆங்காங்கே கம்பி வேலி போட்டிருப்பார்கள். வெறும் மணலில் முட்டையிடும் பைப்பிங் பிளோவர் என்ற உப்புக்கொத்திப் பறவைக்கான வேலி அது. முட்டையும் மணல் நிறம், குஞ்சும் மணல் நிறம். தண்ணீர் இறங்க இறங்க அதற்கு இடம் கூடுகிறது, நமக்கும் கூடுகிறது, சண்டை அங்கேதான் வருகிறது. பெர்மிட்டுக்குக் காசு கொடுத்த பிறகும் இந்த இடத்தில் நிற்கக் கூடாதா என்று ஒருவர் ரேஞ்சரிடம் எகிறிக்கொண்டிருந்தார். எனக்கென்னவோ பறவை பக்கம்தான் நியாயம் தெரிந்தது.

கர்னியிலிருந்து:

மெக்கோனஹி கூட்டம் எனக்கு ஒத்துவராது. ஜூலை 4 வாரத்தில் கொலராடோ நம்பர் பிளேட்டும் ஜெட் ஸ்கீ சத்தமும்தான். நான் வேலன்டைன் ஊருக்குத் தென்மேற்கே உள்ள மெரிட் நீர்த்தேக்கத்துக்குப் போகிற ஆள். ஸ்னேக் ஆற்றில் 1964இல் கட்டிய அணை. அதுவும் பாசனத்துக்குத்தான், தண்ணீர் எயின்ஸ்வொர்த் பக்கத்து வயல்களுக்குப் போகிறது.

அங்கே பகலைவிட இரவுதான் முக்கியம். சுற்றிலும் புல்வெளியும் மாடுகளும், பெரிய ஊர் எதுவும் கிடையாது. 2022இல் சர்வதேச இருள்வானப் பூங்கா என்று அங்கீகாரமும் கிடைத்தது. 1994லிருந்து கோடைதோறும் அமாவாசையை ஒட்டி நெப்ராஸ்கா ஸ்டார் பார்ட்டி நடக்கிறது, தொலைநோக்கியோடு ஆட்கள் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். நான் விவரம் தெரியாமல் அந்த வாரத்தில் மீன் பிடிக்கப் போய்ச் சேர்ந்தேன். இருட்டில் முன்பின் தெரியாத ஒருவர் கூப்பிட்டு, ஏணியில் ஏற்றி, சனியின் வளையத்தைக் காட்டினார். அவர் முகத்தை நான் கடைசிவரை பார்க்கவில்லை. அங்கே வெள்ளை டார்ச் அடித்தால் நாலு பக்கமும் இருந்து குரல் வரும், சிவப்பு விளக்குதான் அனுமதி. பால்வீதி தண்ணீரிலும் தெரிகிறது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், காற்று இல்லாத இரவாகப் பார்த்துப் போங்கள்.

லிங்கனிலிருந்து:

அவ்வளவு தூரம் போக முடியாத எங்களுக்கு பிராஞ்ச்டு ஓக், பாவ்னி ஏரிகள்தான். சால்ட் கிரீக் என்ற ஓடையின் வெள்ளம் லிங்கனை அடித்துக்கொண்டு போகாமல் இருக்க 1960களில் ஆர்மி கோர் என்ற ராணுவப் பொறியாளர் படை கட்டிய பத்து அணைகளில் இவை இரண்டு. ஞாயிற்றுக்கிழமை பார்பிக்யூ, கயாக், பிள்ளைகளுக்கு மணல். சரி, நல்ல இடம்தான். ஆனால் ஒரு தடவை போய் இறங்கினால் தண்ணீர் பச்சை பெயின்ட் கொட்டியது போல இருந்தது, கரையில் எச்சரிக்கைப் பலகை. நீலப்பச்சைப் பாசி. வயலில் போடும் உரமும் மாட்டுப் பட்டிக் கழிவும் மழையில் ஓடி வந்து ஏரியில் சேரும். வெயில் ஏறியதும் பாசி பெருகி நச்சு விடும். நாய்தான் முதலில் மாட்டிக்கொள்ளும், ரோமத்தில் ஒட்டியதை நக்கிவிடும். கோடையில் மாநிலச் சுற்றுச்சூழல் துறை வாராவாரம் சோதித்து முடிவை இணையத்தில் போடுகிறது. கிளம்பும் முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது, நாய் வைத்திருப்பவர்கள் கட்டாயம் பாருங்கள்.

நார்ஃபோக்கிலிருந்து:

எங்கள் பக்கத்து ஏரி லூயிஸ் அண்ட் கிளார்க். மிசூரி ஆற்றில் கேவின்ஸ் பாயின்ட் அணை, 1957இல் முடிந்தது. இந்தக் கரை நெப்ராஸ்கா, அந்தக் கரை தெற்கு டகோட்டா. சுண்ணாம்புப் பாறைச் சரிவும் பாய்மரப் படகும் பார்க்க அழகுதான்.

அழகு கீழ்ப்பாதியில் மட்டும். மேற்கே நயோப்ரரா ஊர் வரை போய்ப் பாருங்கள். ஏரி இருக்க வேண்டிய இடத்தில் நாணல் காடு நிற்கிறது. நயோப்ரரா ஆறு சாண்ட்ஹில்ஸ் மணலை வாரிக்கொண்டு வந்து மிசூரியில் கொட்டுகிறது. அணை இல்லாத காலத்தில் மிசூரி அதைத் தள்ளிக்கொண்டு போயிருக்கும், இப்போது அப்படியே படிகிறது. கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு வரை தூர்ந்துவிட்டது. ஆற்றுப்படுகை உயர்ந்ததால் நிலத்தடி நீரும் உயர்ந்து வீடுகளின் கீழ்த்தளங்களில் ஊறியது. கடைசியில் 1970களில் ஊரையே மேட்டுக்கு மாற்றிக் கட்டினார்கள். அந்த நாணலுக்குள் கயாக்கில் போனேன். வாய்க்கால் மாதிரி பிரிந்து பிரிந்து போகிறது, வெளியே வர வழி தேட வேண்டியிருந்தது. வாத்து வேட்டைக்காரர்களுக்கு அது சொர்க்கம் என்று அங்கே சந்தித்த ஒருவர் சொன்னார். படகுக்காரர்களிடம் கேட்டால் வேறு பதில் வரும்.

அணைக்குக் கீழே அக்டோபரில் போனால் பேடில்ஃபிஷ் பிடிப்பதைப் பார்க்கலாம். நுண்ணுயிரைச் சலித்துத் தின்கிற மீன், தூண்டில் இரையைக் கடிக்கவே கடிக்காது. வெறும் முள்ளைத் தண்ணீரில் வீசி, வேகமாகச் சுண்டி இழுத்து உடம்பில் மாட்டவைக்கிறார்கள். பெர்மிட் குலுக்கலில்தான் கிடைக்கும். எனக்கு அந்த முறை பிடிக்கவில்லை, ஆனால் ஆள் உயரத்துக்கு ஒரு மீன் கரையேறியதை மறக்கவும் முடியவில்லை. திரும்பும்போது படகிலிருந்த தண்ணீரை வடித்துக் காயவைத்துவிட்டுத்தான் வேறு ஏரிக்குப் போக வேண்டும். இங்கே வரிச்சிப்பி (ஜீப்ரா மஸல்) என்ற அந்நியச் சிப்பி வந்துவிட்டது, படகில் ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பரவும்.

கர்னியிலிருந்து:

ஒமாஹா நண்பருக்கு ஒரு கேள்வி. மெக்கோனஹிக்குக் குளிர்காலத்தில் போனால் பார்க்க ஏதாவது உண்டா? ஜனவரியில் ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள்.

ஒமாஹாவிலிருந்து:

உண்டு. அணைக்குக் கீழே போங்கள். மின்நிலையத்திலிருந்து தண்ணீர் விழும் இடத்தில் பனி உறையாது, அதனால் வெண்தலைக் கழுகுகள் மீனுக்காகக் கூடும். அவற்றைப் பார்க்கவே கண்ணாடி ஜன்னல் வைத்த கட்டடம் ஒன்று இருக்கிறது, பெரியவர்கள் உள்ளே உட்கார்ந்தே பார்க்கலாம். எல்லா நாளும் திறப்பதில்லை, விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். காலையில் போனால்தான் பறவை நிறைய இருக்கும். ஒகலாலா மலை நேர மண்டலத்தில் (மவுன்டன் டைம்) இருக்கிறது, கர்னியைவிட ஒரு மணி நேரம் பின்னால். நீங்கள் ஒன்பதுக்குச் சேர்ந்தால் அங்கே எட்டுதான் ஆகியிருக்கும்.