1600 ஏர்-கூல்டு கார்மன் கியா எஞ்சின்: வேலூர் வெயிலைத் தாங்குற மாதிரி பவர் கூட்ட என்ன வழி?

கேள்வி: காட்பாடி_கியா

1971 ஃபோக்ஸ்வேகன் கார்மன் கியா கார், 1600 ட்வின் போர்ட், ஒத்தை சோலெக்ஸ் 34 பிக்ட்-3 கார்பரேட்டர். எஞ்சினை இறக்கி ஸ்டாண்டில் மாட்டியாச்சு. இறக்குறதுக்கு முன்னாடி கம்ப்ரஷன் பார்த்ததில் 1, 2, 4 மூணும் 105-110 பிஎஸ்ஐ, 3வது மட்டும் 70. கிராங்க் புல்லியைப் பிடிச்சு உள்ளே வெளியே தள்ளினா ஆட்டம் கையில் நல்லாவே தெரியுது. புஷ்ராடு டியூப் எட்டிலும் ஆயில் கசிவு.

எப்படியும் முழுசாப் பிரிச்சாகணும், அதோட பவரும் கூட்டிடலாம்னு எண்ணம். ரேஸுக்கு இல்லை. பொன்னேரியில இருந்து ஏலகிரி போற 14 கொண்டை ஊசி வளைவும் திணறாம ஏறணும். சென்னை ரோட்டில் 100ல் நிதானமாப் போகணும். மே மாசம் மதியம் கிரீன் சர்க்கிள் நெரிசலில் நின்னாலும் எஞ்சின் கொதிக்கக் கூடாது.

பிஸ்டன்-பேரல் செட் 87, 88, 90.5, 92, 94 மிமீ எல்லாம் கிடைக்குது. எது எடுக்கலாம்? கேம் மாத்தணுமா? ரெண்டு கார்பரேட்டர் கட்டாயமா? இப்ப பங்கில் கிடைக்கிறது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்), அதுக்குத் தனியா ஏதாவது பண்ணணுமா? விவரம் தெரிஞ்ச அண்ணன்மார்கள் சொல்லுங்க.

பதில்: ராணிப்பேட்டை_போரிங்

தம்பி, சைஸைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி கேஸ் (கிராங்க் உட்கார்ற எஞ்சின் கூடு) உருப்படியா இருக்கான்னு பாருங்க. அது மெக்னீசியம் கலவை. வருஷக்கணக்கா சூட்டில் அடி வாங்கி மெயின் பேரிங் உட்கார்ற இடம், அதிலும் நடு பேரிங் இடம், வட்டம் கெட்டுப் போயிருக்கும்.

ஃப்ளைவீல் பக்கம் டயல் கேஜ் வெச்சு கிராங்கோட எண்ட் ப்ளேயை (முன்பின் ஆட்டத்தை) அளங்க. இருக்க வேண்டியது 0.07 முதல் 0.13 மிமீ. 0.15 தாண்டிட்டா விடக் கூடாது. ஷிம் (இடைவெளியை அடைக்கிற மெல்லிய வளையம்) மாத்தினாப் போதும்னு பல பேர் சொல்வாங்க. 1வது பேரிங்கோட தோள் உட்கார்ற முகம் கேஸில் தேய்ஞ்சிருந்தா, பேரிங்கே கேஸுக்குள்ள முன்னும் பின்னும் போய் வரும். ஷிம் போட்ட கையோட ஆட்டம் திரும்ப வந்துடும். அப்படி இருந்தா லைன் போரிங் (பேரிங் இடங்களை ஒரே நேர்கோட்டில் குடையறது) பண்ணி, த்ரஸ்ட் முகத்தையும் வெட்டி, அதுக்கேத்த ஓவர்சைஸ் பேரிங்தான் வழி. ஷிம் எப்பவும் மூணு போடணும். தடிமனா ரெண்டு போட்டு ஒப்பேத்தாதீங்க.

கேஸ் மூடும்போது அதிகமாக் கெடுறது டவல் பின் (பேரிங்கை நகராமப் பிடிக்கிற சின்ன முளை) விஷயத்தில். பேரிங் ஓட்டை பின்னில் சரியா உட்காரலைன்னா, நட்டை இறுக்க இறுக்க பின் பேரிங்கை நசுக்கிடும். 12 மிமீ நட் ஆறையும் 34 நியூட்டன் மீட்டருக்குப் படிப்படியா இறுக்குங்க. ஒவ்வொரு படியிலும் கிராங்கைக் கையால சுத்திப் பாருங்க. ஒரு இடத்தில் பிடிச்சாலும் உடனே பிரிச்சிடணும், "ஓட ஓட விட்டுடும்"னு நினைக்கவே கூடாது. அப்புறம் 8 மிமீ நட்டுங்களுக்கு 20 நியூட்டன் மீட்டர். ஃப்ளைவீலோட பெரிய நட்டுக்கு சுமார் 300 நியூட்டன் மீட்டர் வேணும். நீளமான பைப் போட்டு குத்துமதிப்பா இறுக்கினது கழண்டா, டவல் ஓட்டையெல்லாம் பெரிசாகி கிராங்கும் ஃப்ளைவீலும் சேர்ந்தே போயிடும்.

இப்ப சைஸ். ஸ்ட்ரோக் 69 மிமீ. 87 போட்டா 1641 சிசி, கேஸையோ ஹெட்டையோ வெட்டத் தேவையில்லை, ஆனா வித்தியாசம் பெரிசாத் தெரியாது. வெட்டாம அப்படியே சொருகுற 88ஐத் தொடாதீங்க. சுவர் ரொம்ப மெல்லிசு, சூட்டில் நெளிஞ்சு ரிங் பிடிக்காது. 92ம் 90.5ம் ஒரே ஓட்டையில்தான் உட்காரும், அதனால 92க்கு சுவர் மெலிசு. 94க்கு சுவர் பரவாயில்லை, ஆனா கேஸில் இன்னும் நிறைய உலோகம் போகும், சூடும் கூடும். நம்ம ஊருக்கு 90.5தான். 1776 சிசி, சுவர் தடிமன், பல வருஷம் வட்டம் கெடாம நிக்கும்.

கேஸையும் ஹெட்டையும் இதுக்குக் கட்டாயம் போர் பண்ணணும். சரியான ஃபிக்ஸ்சர் இல்லாம லேத்தில் ஏத்துறவங்ககிட்ட கொடுக்காதீங்க. பேரல் உட்கார்ற நாலு முகமும் கிராங்க் மையத்தில இருந்து ஒரே தூரத்தில் இருக்கணும். ஒரு பக்கம் ஆழம் கூடினா அந்தப் பக்க ஹெட் ஊதும், கேஸ்கட்டை எத்தனை தடவை மாத்தினாலும் நிக்காது.

ஹெட் ஸ்டட் 10 மிமீயா 8 மிமீயான்னு பாருங்க. 10ஆ இருந்தா சூட்டில் கேஸ் திரெட்டோட பிடுங்கிக்கும். இரும்பு இன்செர்ட் போட்டு 8 மிமீ ஸ்டட்டுக்கு மாறிடுங்க. 8க்கு 25 நியூட்டன் மீட்டர், அதுக்கு மேல வேண்டாம்.

பதில்: ஆற்காடு_வால்வ்

மேலே சொன்னது அத்தனையும் சரி. நான் ஹெட்டும் கேமும் சொல்கிறேன்.

3வது சிலிண்டர் 70 காட்டுவதற்குக் காரணம் அநேகமாக எக்ஸாஸ்ட் வால்வ். பழைய ஷ்ரவுடில் (ஃபேன் காற்றை எஞ்சினுக்குத் திருப்பும் தகடுக் கூடு) ஆயில் கூலர் உள்ளேயே நிற்கும். 3வது சிலிண்டருக்குப் போகிற காற்று அந்தக் கூலரைத் தாண்டிச் சூடாகித்தான் வரும். கூலரை வெளியே தள்ளி வைத்த ‘டாக்ஹவுஸ்’ ஷ்ரவுடு 1971 மாடலில்தான் வந்தது. உங்கள் வண்டியில் அதுதான் இருக்கிறதா, இல்லை நடுவில் யாராவது பழைய ஷ்ரவுடை மாட்டிவிட்டார்களா என்று பாருங்கள். பழையதாக இருந்தால் முதல் செலவு அங்கேதான், கேம் எல்லாம் பிறகு.

எக்ஸாஸ்ட் வால்வ் நாலையும் புதிதாகப் போடுங்கள். பார்க்க நன்றாக இருந்தாலும் போடுங்கள். தண்டு நீண்டு, தலை துண்டாகி விழுந்தால் பிஸ்டன், ஹெட், பேரல் மூன்றும் காலி. வால்வ் சைஸ் இன்டேக் 35.5, எக்ஸாஸ்ட் 32 மிமீ அப்படியே இருக்கட்டும். 40 மிமீ இன்டேக் போட்டால் கீழ் ஆர்பிஎம்மில் காற்றின் வேகம் குறைந்துவிடும். ஏலகிரி ஏற்றத்துக்கு வேண்டியது 2000-3500ல் இழுவை.

ஹெட்டை எடுத்ததும் ஃபின் நடுவே வெளிச்சத்தில் பாருங்கள். வால்வுக்கும் பிளக்குக்கும் பக்கத்தில் வார்ப்பில் மிஞ்சிய மெல்லிய தகடு பல இடங்களில் அடைத்துக்கொண்டு இருக்கும். மறுபக்கம் வைத்த விரல் நுனிகூடத் தெரியாது. சின்ன அரமும் நீண்ட டிரில் பிட்டும் வைத்துப் பொறுமையாக எடுத்துவிட்டால், காற்று போக வேண்டிய இடத்துக்குப் போகும். காசில்லாத வேலை, பலன் மிக அதிகம். புது ஹெட்டிலும் இதைப் பார்க்க வேண்டும்.

கேம்: எங்கிள் டபிள்யூ100. 276 டிகிரி. டபிள்யூ110 மேலே நன்றாக ஓடும், ஆனால் நெரிசலில் ஐடிலிங் அடம்பிடிக்கும். புது கேமுக்குப் பழைய லிஃப்டர் (கேம் மேல் உரசி ஏறி இறங்கும் பாகம்) போடவே கூடாது, பழைய தேய்மானம் புது கேமின் மேட்டைத் தின்றுவிடும். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2000-2500 ஆர்பிஎம்மில் 20 நிமிஷம் ஓட்டுங்கள். துத்தநாகம் சேர்ந்த ஆயில் அவசியம். லாரி டீசல் எஞ்சினுக்கு விற்கிற சிஐ-4 தரம் 15டபிள்யூ40 இதற்குப் பொருந்தும்.

பேரல் மாறினால் ராக்கர் கோணமும் மாறும். வால்வ் பாதி திறந்த நிலையில் அட்ஜஸ்டிங் ஸ்க்ரூ வால்வ் தண்டோடு ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அந்த நீளத்துக்குத்தான் புஷ்ராடை வெட்ட வேண்டும், பழைய நீளத்தை அப்படியே போட்டால் வால்வ் கைடு ஒரு பக்கமாகத் தேயும். புஷ்ராடு டியூபைப் பூட்டும் முன் இரு பக்கமும் இழுத்து 190-191 மிமீ ஆக்குங்கள். அது அமுங்கிப் போயிருப்பதால்தான் உங்கள் ஆயில் கசிவு. பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி ஃப்ளைவீல் பக்கம். மேல் ரெண்டு ரிங் இடைவெளி 0.30-0.45 மிமீ.

பதில்: வாலாஜா_ஜெட்

கார்பரேட்டர் கேள்விக்கு நேரா வரேன். 34 பிக்ட்-3ல வென்ச்சுரி (காத்து போற குறுகின கழுத்து) 26 மிமீ. 1776 சிசிக்கு அது 4000 ஆர்பிஎம்முக்கு மேல மூச்சு முட்டும். அதோட ஒத்தை கார்பரேட்டர்ல நீள மேனிஃபோல்டு வழியா பெட்ரோல் ஓரமா வழிஞ்சு போறதால சிலிண்டருக்கு சிலிண்டர் கலவை மாறும். பட்ஜெட் இருந்தா ரெண்டு வெபர் 40 ஐடிஎஃப், 28 மிமீ வென்ச்சுரி. ஆரம்பத்துக்கு ஐடில் ஜெட் 55, மெயின் 120, ஏர் 200. பிளக் பார்த்து அங்கிருந்து நகருங்க. பெட்ரோல் பிரஷர் 3 பிஎஸ்ஐ போதும், கூடினா ஊசி வால்வைத் தள்ளிக்கிட்டு வழியும்.

லிங்கேஜ் வாங்கும்போது கவனம். எஞ்சின் சூடானா அகலத்தில் விரியும். ரெண்டு பக்கமும் நேர் கம்பியில் பிணைச்ச லிங்கேஜ்ல, குளிர்ல சரியா சிங்க் பண்ணினது சூட்டுல விலகி ஐடில் ஏறிடும். சிங்க் பண்றதை முழு சூட்டில், ஏர் மீட்டர் வெச்சுப் பண்ணுங்க.

இ20: எத்தனால் இல்லாத பெட்ரோலோட ஒப்பிட்டா சுமார் 8 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேணும். ஜெட் நம்பர் விட்டத்தைக் குறிக்கும், பரப்பை இல்லை. அதனால நம்பர்ல 4 சதவீதம் ஏத்தினாலே போதும், 120க்கு 125. இதை விட்டுட்டா கலவையில் பெட்ரோல் குறைஞ்சு லீன் ஆகி ஹெட் சூடு ஏறும், பவரும் வராது. ஹோஸ் விஷயத்தில் சமாதானமே வேண்டாம். துணி பின்னல் போட்ட பழைய ரப்பர் ஹோஸ் எல்லாத்தையும் எத்தனால் தாங்குற ரகமா மாத்துங்க. சோலெக்ஸையே வெச்சுக்கிறதா இருந்தா, பெட்ரோல் உள்ளே வர்ற பித்தளை குழாய் வெறும் அழுத்தத்தில்தான் நிக்குது. ஆட்டிப் பாருங்க. அது கழண்டு சூடான எஞ்சின் மேல பெட்ரோல் கொட்டினா, மெக்னீசியம் கேஸ் பத்திக்கிட்டா அணைக்க முடியாது.

டைமிங்: ரெண்டு கார்பரேட்டரோட 009 டிஸ்ட்ரிபியூட்டர் (வேக்குவம் இல்லாத ரகம்) ஒத்துப்போகும். ஒத்தை 34 பிக்ட்டோட 009 போட்டா ஆக்ஸிலரேட்டர் அழுத்தின உடனே ஒரு தடுமாற்றம் வரும், அங்கே வேக்குவம் உள்ளதுதான் நல்லது. பாயின்ட் 0.4 மிமீ. ஐடில்ல என்ன காட்டுதுன்னு பார்க்காம 3500 ஆர்பிஎம்மில் மொத்த அட்வான்ஸ் (பொறி முன்கூட்டி விழற அளவு) 28 டிகிரின்னு வையுங்க. வெயில் காலத்தில் 30க்குப் போகாதீங்க. ஏர்-கூல்டு எஞ்சினோட ஃபேன் சத்தத்தில் நாக்கிங் (கலவை தாறுமாறா வெடிக்கிற தட்டல்) காதுக்கே கேக்காது, பிஸ்டன் உடைஞ்ச பிறகுதான் தெரியும்.

கூலிங்: ஷ்ரவுடுக்குள்ள இருக்கிற மடல்களையும் தெர்மோஸ்டாட்டையும் "நம்ம ஊருக்கு எதுக்கு"ன்னு கழட்டி வீசுறாங்க. அந்த மடல்தான் காத்தை சிலிண்டர் பக்கம் திருப்புது, வீசினா சூடு கூடும். பேரல் அடியில் வர்ற தகடு, எஞ்சின் ரூம் ஓரத்து ரப்பர் சீல் எல்லாம் இருக்கணும். ஒரு பக்கம் திறந்திருந்தாலும் கீழே வர்ற சூடான காத்தையே ஃபேன் திரும்ப உறிஞ்சும். ஃபேன் பெல்ட் நடுவுல அழுத்தினா 15 மிமீ இறங்கணும். ஓடும்போது ஜெனரேட்டர் சிவப்பு லைட் எரிஞ்சா அந்த நொடியே ஓரம் கட்டுங்க, பெல்ட் போனா ஃபேனும் போச்சு.

3வது பிளக் அடியில் டெம்பரேச்சர் சென்சார் போடுங்க. 200 டிகிரி நெருங்கினா காலை எடுக்கணும். ஃபில்டரோட வெளி ஆயில் கூலர் நல்லது. கீழே தொங்குற டீப் சம்ப் (கூடுதல் ஆயில் தொட்டி) வேண்டாம், கியா தாழ்வான வண்டி, நம்ம ஊர் வேகத்தடை ஒண்ணு போதும் அதைப் பிளக்க.

காட்பாடி_கியா

மூணு பேருக்கும் நன்றி. 90.5ன்னு முடிவு பண்ணி போரிங் முடிஞ்சு வந்தாச்சு. ஷ்ரவுடு டாக்ஹவுஸ்தான், கேஸுக்கு இன்செர்ட்டும் போட்டாச்சு. ஹெட் முகத்தையும் சமப்படுத்தியிருக்காங்க. பியூரெட்டில் அளந்தா சேம்பர் (ஹெட்டில் கலவை எரியற குழி) 47 சிசி. பிஸ்டன் மேலே வந்த நிலையில் பேரல் விளிம்புக்கு 0.9 மிமீ கீழே நிக்குது. இப்படியே பூட்டலாமா?

பதில்: ராணிப்பேட்டை_போரிங்

பூட்டாதீங்க தம்பி. கணக்கைப் பாருங்க. 90.5 பேரலோட பரப்பு 64.3 சதுர செமீ, ஒரு சிலிண்டர் 443.85 சிசி. 0.9 மிமீ டெக்குக்கு (பிஸ்டன் தலைக்கும் பேரல் விளிம்புக்கும் உள்ள இடைவெளி) 5.8 சிசி, சேம்பர் 47, ஆக மொத்தம் 52.8. கம்ப்ரஷன் விகிதம் 9.4 வருது. சாதாரண பங்க் பெட்ரோலில், 40 டிகிரி வெயிலில், ஏத்தத்தில் இது நாக் அடிக்கும். நமக்கு வேண்டியது 8.2. அதுக்கு பிஸ்டனுக்கு மேலே மொத்தம் 61.6 சிசி இடம் வேணும்.

பேரலுக்கு அடியில், கேஸ் பக்கம் 0.75 மிமீ ஷிம் வையுங்க. டெக் 1.65 ஆகும், 10.6 சிசி. மீதியை சேம்பரில் எடுங்க, வால்வ் ஓரத்துச் சுவரைக் குடைஞ்சு 51 ஆக்கணும். நாலு சேம்பரும் அரை சிசிக்குள்ள ஒத்துப்போகணும். முழுக்க ஷிம்மிலேயே சரிபண்ணாதீங்க. டெக் ரொம்ப விரிஞ்சா ஓரத்துக் கலவை அமுங்காம எரியும், கம்ப்ரஷன் குறைஞ்சும் நாக் வரும். ஷிம் போட்ட அளவுக்கு புஷ்ராடு நீளமும் மாறும், அதனால ஆற்காடு அண்ணன் சொன்ன கோணத்தை ஷிம் வெச்ச பிறகு பார்த்து வெட்டுங்க.

பதில்: ஆற்காடு_வால்வ்

குடைந்த பிறகு கூர்மையான விளிம்பு ஒன்றுகூட விடாதீர்கள், அது சிவந்து தானாகப் பற்றவைக்கும். வண்டி ஓடத் தொடங்கியபின் முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, இரவு முழுக்க ஆறிய எஞ்சினில் எட்டு வால்வையும் 0.15 மிமீ வையுங்கள். அடுத்த முறை பார்க்கும்போது ஏதாவது ஒரு எக்ஸாஸ்டில் மட்டும் இடைவெளி குறைந்திருந்தால், எந்த சிலிண்டர், எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுமுறையும் அதே வால்வ் குறைந்தால் தண்டு நீள்கிறது என்று பொருள். சரிசெய்துவிட்டு ஓட்டாமல் அந்த ஹெட்டைக் கழற்றிவிடுங்கள்.