நாகர்கோவில் நாடகத்தை முடக்கினது 1954 சட்டமாம்!

கோட்டாற்றான்:
நேத்து ஒரு வாட்சப் பதிவு. "1954இல் சென்னை அரசு நாடகச் சட்டம் கொண்டுவந்தது, அதன்பிறகு நாகர்கோவிலில் வசனத்தைப் போலீசிடம் காட்டாமல் மேடையேற முடியவில்லை" என்று ஒருத்தர் அடிச்சு விட்டிருக்கார். படிச்சதும் வெப்ராளம் தாங்கல. 1954ல நாகர்கோவில் எங்க இருந்தது அண்ணாச்சி? திருவிதாங்கூர்-கொச்சியில. நாம தமிழ்நாட்டோட சேர்ந்தது 1956 நவம்பர் 1. மெட்ராஸ்ல போட்ட சட்டம் ஆரல்வாய்மொழி எல்லையைத் தாண்டி எப்படி வந்தது, பஸ் ஏறியா?

வடசேரி வாசகன்:
அந்தப் பதிவு நான் எழுதினதாக்கும். பேரைச் சொல்லியே திட்டலாமே, "ஒருத்தர்" எதுக்கு? எங்க தாத்தா நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிச்சவர். வசன நோட்டை ஸ்டேசன்ல குடுத்து, சிவப்பு மையில அடிச்ச வரியை எல்லாம் விட்டுட்டுத்தான் நடிக்கணும்னு அவர் வாயால சொன்னது. அது பொய்யா?

கோட்டாற்றான்:
தாத்தா பொய் சொன்னாருன்னு நான் எங்க சொன்னேன்? சிவப்பு மை சரி. எந்தச் சட்டத்தோட சிவப்பு மை? 1954 ஆகஸ்ட் 11ல மார்த்தாண்டத்திலயும் புதுக்கடையிலயும் துப்பாக்கிச் சூடு நடந்துதே, அப்போ முதலமைச்சர் யாரு? பட்டம் தாணுபிள்ளை. காமராஜர் இல்ல. நம்ம ஆளுங்க குண்டடி பட்டதே மெட்ராஸோட சேரணும்னுதான். அந்த வருசமே மெட்ராஸ் சட்டம் இங்க அமலில இருந்துதுன்னா எதுக்கு ஓய் போராட்டம்?

குழித்துறை ஜோ:
மெட்ராஸ் இல்லன்னா திருவிதாங்கூர்காரன் யோக்கியனா? தோப்பில் பாசி எழுதின 'நிங்களென்னெ கம்யூனிஸ்டாக்கி' மலையாள நாடகம் 1952ல அரங்கேறினது. திருவிதாங்கூர்-கொச்சி அரசு அதுக்குத் தடை போட்டுது. நாமளும் அப்போ அந்த ராச்சியத்துக்குள்ளதான். அதைப் பத்தி நாஞ்சில் நாட்டு அறிஞர்கள் ஒரு வரி எழுத மாட்டாங்க.

வடசேரி வாசகன்:
ஜோ, நடுவுல வராதீங்க. 1954 சட்டம் எம்.ஆர். ராதாவைக் குறிவச்சு வந்ததுன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கோட்டாற்றான்:
குறி ராதாவுக்குத்தான். ஊர் நாகர்கோவில் இல்லையே! திரும்பவும் கேக்கேன், 1954ல நாகர்கோவில் எந்த மாநிலம்? ஒரே வார்த்தையில பதில் சொல்லுங்க.

பார்வதிபுரம் அக்கா:
நீங்க ரெண்டு பேரும் அந்த ஒரு வருசத்தைப் பிடிச்சுத் தொங்குங்க. 2013 ஜனவரியில சென்சார் சர்டிபிகேட் வாங்கின 'விஸ்வரூபம்' படத்தைக் கலெக்டர்மாரு 144 போட்டு நிறுத்தலியா? கலவரம் வரும்னு யாரோ மிரட்டுறதுக்காகப் படத்தை நிறுத்தக் கூடாதுன்னு 'ஒரே ஒரு கிராமத்திலே' வழக்கில உச்ச நீதிமன்றம் 1989லயே சொல்லியாச்சு. யாரு கேட்டா? அதை விடுங்க, எங்க ஊர்க் கோவில் கொடைக்கு வந்து பாருங்க. விடிய விடிய நடந்த வில்லுப்பாட்டு இது. இப்போ ராத்திரி 10 மணி ஆயிட்டா மைக்கை நிறுத்தணும். போலீஸ்காரர் பந்தல் ஓரத்துல வாட்சைப் பார்த்துட்டு நிப்பார். குடம் அடிக்கிறவர் அவரைப் பார்ப்பார், பாடுறவர் குடம் அடிக்கிறவரைப் பார்ப்பார். கதையில கல்யாணமே ஆகியிருக்காது, அதுக்குள்ள வாழி பாடி முடிச்சிருவாங்க.

வடசேரி வாசகன்:
அக்கா, அது சத்தக் கட்டுப்பாடு. தணிக்கை வேற.

பார்வதிபுரம் அக்கா:
பாதிக் கதையில வாயை மூடச் சொன்னா அதுக்குப் பேரு என்னவாம்?

கோட்டாற்றான்:
அக்கா சொல்றது தனி விசயம், வேற இழையில பேசலாம். 1954 நாடகச் சட்டத்தோட முக்கியமான பிரிவுகளை நாடகக்காரர் ஞாநி போட்ட வழக்கில சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும் அதே 2013ல்தான். அந்தச் சட்டத்தோட பிறப்பும் தெரியும், சாவும் தெரியும். 1956க்கு முன்னால இங்க வரல, அவ்வளவுதான் நான் சொல்லுதது. முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரல.

வடசேரி வாசகன்:
கலைவாணர் பிறந்த ஒழுகினசேரிக்குப் பக்கத்துல வளர்ந்தவன் நான். எனக்கு நாடகப் பாடம் எடுக்காதீங்க.

குழித்துறை ஜோ:
வந்துட்டுய்யா ஒழுகினசேரி! இனி கலைவாணர் ஜெயிலுக்குப் போனதும் சென்சார்ல சேரும்.

கோட்டாற்றான்:
அது லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. 1944ல கைது, 1947ல விடுதலை. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. வருசம் தெரியாம யாரும் பேசாதீங்க.

வடசேரி வாசகன்:
வருசம் வருசம்னு குதிக்கிறவர் போன தடவை விழா மலர்ல என் கட்டுரையில நாலு பக்கத்தை வெட்டினாரே, அது எந்தச் சட்டத்துல? நீங்க சென்சாரைப் பத்திப் பேசுதியளா?

கோட்டாற்றான்:
அச்சகத்துல பக்கம் பத்தல. அது எடிட்டிங்.

வடசேரி வாசகன்:
நகைக்கடை விளம்பரத்துக்கு மட்டும் ரெண்டு பக்கம் பத்திச்சு.

குழித்துறை ஜோ:
நான் அனுப்பின கட்டுரை மலர்லயே வரல. அதையும் யாராவது கேளுங்க.

வடசேரி வாசகன்:
என் பதிவை இப்போ இன்னும் மூணு குரூப்பில போட்டாச்சு. ஒரு எழுத்தைக்கூட மாத்தல.

கோட்டாற்றான்:
எந்த குரூப்? என்னையும் சேர்த்து விடுங்க, அங்கேயும் வாறேன்.