அடுப்புக் கல் வந்தாச்சு

[காலை 7:12] நான்: 📷 பீட்சா அடுப்புக்குக் கல் வந்தாச்சு!! 40 கல். வெள்ளை வெளேர்னு எப்படி இருக்கு பாருங்க. சாயங்காலம் தரை பரப்பிடுவேன்

[7:15] அக்கா: கேக் துண்டு மாதிரி இருக்குடா

[7:31] மாமா: வெள்ளையா? ஒரு கல்லை எடை போட்டுச் சொல்லு மாப்ள

[7:32] நான்: சூடு தாங்கற ஃபயர் பிரிக்னு கேட்டுத்தான் மாமா வாங்கினேன்

[7:32] மாமா: எடை போடு

[7:40] அக்கா: சமையல் தராசுல நான் வச்சுப் பார்த்தேன். 1 கிலோ 150

[7:41] மாமா: நகத்தால கீறிப் பாரு

[7:42] நான்: கோடு விழுது. மாவா உதிருது 😟

[7:48] மாமா: நினைச்சேன். இது இன்சுலேஷன் கல்லு. ஒன்பதுக்கு நாலரைக்கு ரெண்டரை இஞ்ச் கனத்த கல்லுன்னா மூணரை கிலோ பக்கம் இருக்கும். ரெண்டுக்கும் பேரு ஃபயர் பிரிக்தான், வேலை நேரெதிர். கனத்த கல்லு சூட்டைக் குடிச்சு வச்சுக்கிட்டு மெதுவா விடும். இதுல உள்ள பூரா காத்து, சூட்டை அந்தப் பக்கம் போகவே விடாது. தரையில போட்டா பீட்சா அடிப்பக்கம் வேகாது, பீட்சா தள்ளற நீளக் கரண்டி உரசி உரசிப் பள்ளமும் விழும்

[7:49] நான்: போச்சு

[7:55] சித்தப்பா: எதுக்குப்பா வீண் செலவு. கொல்லையில கூழாங்கல் குவிஞ்சு கிடக்கு, சிமென்ட் அரை மூட்டை இருக்கு. கட்டி முடி

[7:58] மாமா: மச்சான், கூழாங்கல் வெடிக்கும். உள்ள ஊறின தண்ணி ஆவியானா சுமார் 1,600 மடங்கு விரியும். வெளிய போக வழியில்லேன்னா கல்லைப் பிளந்துட்டுத்தான் போகும்

[7:59] சித்தப்பா: 😳

[8:03] மாமா: சிமென்ட்டும் அப்படித்தான். சாதா கலவை 400, 500 டிகிரியில பிடிப்பு விட்டுடும். பீட்சா ஒண்ணரை நிமிஷத்துல வேகணும்னா அடுப்புக் கூரை அந்தச் சூட்டைத் தாண்டணும். அதனால கலவை இப்படிப் போடு: மணல் 3 பங்கு, சிமென்ட் 1, சுண்ணாம்பு 1, ஃபயர் கிளே (சூடு தாங்கற களிமண்) 1. சிமென்ட் முதல்ல இறுகிப் பிடிச்சுக்கும். பின்னாடி அது செத்தாலும் சுண்ணாம்பும் களிமண்ணும் தாங்கும்

[8:06] அத்தை: பழைய கூரை ஷீட் நாலு சும்மா கிடக்கு, மேல போத்திவிட வேணுமா தம்பி?

[8:06] மாமா: அது ஆஸ்பெஸ்டாஸ். அறுக்கவே கூடாது, தூசி நுரையீரலுக்கு ஆகாது

[8:07] அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[8:07] அக்கா: 😂😂

[8:09] நான்: அப்ப மேல என்ன போத்தறது?

[8:12] மாமா: செராமிக் ஃபைபர் கம்பளி, 25 மில்லிமீட்டர். மூணு சுத்து. மூக்குக்கு மாஸ்க், கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாம தொடாதே. அதுக்கு மேல பூச்சு. கம்பி வலை வைக்கறதா இருந்தா வெளிப்பக்கம் மட்டும். உள்ள துத்தநாகம் பூசின எதுவும் வேணாம், 420 டிகிரியிலயே உருகிடும்

[8:14] நான்: இந்த 40 கல்லைத் திருப்பிக் குடுத்துடவா? வண்டி வாடகையே முழுங்கிடும்

[8:21] மாமா: எதுக்குத் திருப்பற? நான் முதல்ல கட்டின அடுப்புல காங்கிரீட் மேலயே தரைக்கல்லை வச்சுட்டேன். கூரை தகதகன்னு இருக்கும், மூணாவது பீட்சாவுக்கே அடி வெளுத்துப் போகும். ஏன்னு புரியாம ஒரு நாள் மேடைக்கு அடியில கை வச்சேன். சுட்டுடுச்சு! ரெண்டு மணி நேரம் விறகு போட்டு காங்கிரீட்டைத்தான் காய்ச்சியிருக்கேன். எல்லாரும் கூரைக்கே காசைக் கொட்டுவாங்க, அடியை மறந்துடுவாங்க

[8:22] நான்: அப்ப இந்தக் கல்லு அடியில?

[8:25] மாமா: ஆமா. காங்கிரீட் மேல வெள்ளைக் கல்லைப் படுக்க வச்சுப் பரப்பு. அதுக்கு மேல மணலும் ஃபயர் கிளேயும் கலந்து மெல்லிசா ஒரு படுகை. அப்புறம் கனத்த கல்லு, கலவை போடாம, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வை. ஒண்ணு விரிசல் விட்டா அதை மட்டும் உருவி மாத்திக்கலாம். கரண்டி போற திசைக்குக் கோணலா அடுக்கு, விளிம்பு இடிக்காது

[8:27] நான்: கூரையும் கனத்த கல்லுதானே?

[8:28] மாமா: ஆமா. வாசல் உயரம் கூரை உயரத்துல 63 சதவீதம், அதை மட்டும் மாத்தாதே. முதல் நாளே கொழுந்துவிட்டு எரிச்சுடாதே, ஒரு வாரம் சின்னச் சின்ன நெருப்பு. ஈரம் மெதுவா போகட்டும்

[8:35] நான்: கணக்குப் போட்டுட்டேன். மேடை 1 மீட்டருக்கு 1 மீட்டர். அடியில பரப்ப 39 கல் வேணும். 40 இருக்கு, ஒண்ணு மிச்சம் 😎

[8:37] அக்கா: டேய்... தராசுலேர்ந்து எடுக்கும்போது ஒண்ணு கீழ விழுந்து ரெண்டாயிடுச்சு. 39 சரியா இருக்கும்